வெள்ளத்தை எண்ணாதீர்கள், மழையை அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அடிக்கடி வரும் பெருவெள்ளங்கள் காலநிலை மாற்றத்துக்குச் சான்றா என்று தங்கள் இதழில் நடக்கும் விவாதத்தில் இரு தரப்பும் ஒரே தவறைச் செய்கின்றன. ‘வெள்ளம் கூடிவிட்டது பாருங்கள்’ என்பவரும், ‘வெள்ளம் எந்தக் காலத்தில்தான் வரவில்லை?’ என்பவரும் வெள்ளங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வெப்பமேற்றத்தின் தடயத்தை முதலில் தேட வேண்டிய இடம் மழைமானிப் பதிவேடு. வெள்ளம் என்பது மண், கட்டடம், அணை, ஆற்றுப்படுகை என்று பல கை மாறி வந்து சேரும் சரக்கு.

வெள்ளங்களின் எண்ணிக்கை ஏறுமுகமாகச் செல்லும் வரைபடங்கள் பெரும்பாலும் ‘எம்-டாட்’ எனும் சர்வதேசப் பேரிடர்த் தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்படுபவை. 10 பேர் இறந்திருக்க வேண்டும், அல்லது 100 பேர் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அவசரநிலை அறிவிக்கப்பட்டோ வெளிநாட்டு உதவி கோரப்பட்டோ இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தால் அந்த நிகழ்வு பட்டியலில் ஏறும். ஆகவே ஆற்றோரத்தில் குடியிருப்பு பெருகினாலே எண்ணிக்கை கூடும். செய்தித்தொடர்பு மேம்பட்டாலும் கூடும். 1960களில் யார் காதுக்கும் எட்டாமல் போன வெள்ளம் இன்று ஒரு மணி நேரத்தில் பதிவாகிவிடுகிறது. இந்த வரைபடத்தை மட்டும் காட்டி வாதிடுபவர் சரியான முடிவைச் சொன்னாலும் தவறான சாட்சியை அழைத்து வருகிறார்.

மழைக்கு வருவோம். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். இது அடிப்படை இயற்பியல். கணினி மாதிரிகளை நம்பி நிற்பதல்ல. பதிவுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன. காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கைப்படி, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையில் 10 ஆண்டுக்கு ஒருமுறை பெய்த ஒருநாள் பெருமழை, 1 டிகிரி வெப்பமேறிய உலகில் 1.3 மடங்கு அடிக்கடி வருகிறது, அளவிலும் 6.7 விழுக்காடு கூடுதல். 2 டிகிரியில் இவை 1.7 மடங்கும் 14 விழுக்காடும் ஆகும். போதிய பதிவுகள் உள்ள நிலப்பரப்புகளில் பெரும்பாலானவற்றில் 1950களிலிருந்து கனமழை கூடியிருப்பதை அந்த அறிக்கை உயர்ந்த உறுதியோடு சொல்கிறது. ஆனால் உலக அளவில் ஆற்று வெள்ளங்களின் மாற்றத்தில் மனிதரின் பங்கு குறித்து அதே அறிக்கை தரும் உறுதி குறைவு. முரண்பாடாகத் தோன்றும் இதை ஒரு சின்னக் கணக்கு விளக்கிவிடும்.

100 மி.மீ. மழை பெய்கிறது, அதில் 60 மி.மீ.யை மண் உறிஞ்சிக்கொள்கிறது என்று கொள்வோம். ஆற்றுக்குப் போவது 40. மழை 107 ஆகி, மண் அதே 60ஐ உறிஞ்சினால் ஓடுவது 47. அதாவது மழை 7 விழுக்காடு கூட, ஓடும் நீர் 17 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. இப்போது அதே வெப்பம் முந்தைய வாரங்களில் மண்ணை நன்றாகக் காயவைத்து, அது 68 மி.மீ. உறிஞ்சும் நிலையில் இருக்கட்டும். ஓடுவது 39தான், மழை கூடியும் வெள்ளம் குறைகிறது. மூன்றாவதாக, அந்த நிலத்தில் பெரும்பகுதியைக் கான்கிரீட்டால் மூடிவிட்டார்கள்; 100 மி.மீ.யில் 90 ஓடுகிறது. வளிமண்டலத்தில் எதுவுமே மாறாமல் வெள்ளம் இரு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. (1 சதுர கி.மீ. பரப்பில் 100 மி.மீ. என்றால் 10 கோடி லிட்டர். விழுக்காடுகளைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.)

ஐரோப்பிய ஆறுகளைப் பற்றி 2019இல் வெளியான விரிவான ஆய்வில் இந்த மூன்று போக்குகளில் முதலிரண்டையும் ஒருசேரப் பார்க்கலாம். வடமேற்கில் சில இடங்களில் வெள்ளம் பத்தாண்டுக்குச் சுமார் 11 விழுக்காடு வரை பெருகியிருக்கிறது. கிழக்கில் சில இடங்களில் 23 விழுக்காடு வரை குறைந்திருக்கிறது. கிழக்கே பனிப்பொழிவும் உருகுநீரும் குறைந்தது அதற்கு ஒரு காரணம். எனவே வெள்ளம் குறைந்ததும்கூடக் காலநிலை மாற்றத்தின் விளைவாக இருக்கலாம். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது.

கடலோர வெள்ளத்தில் இந்தச் சிக்கல் குறைவு. 1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. அதே புயல் அலை இன்று அந்த அளவு உயரமான படியில் ஏறி நின்று கரையைத் தாக்குகிறது.

‘இந்த ஒரு வெள்ளத்துக்கு வெப்பமேற்றம் காரணமா?’ என்பதற்கும் இன்று முறையான ஆய்வு உண்டு. எந்தப் பரப்பில், எத்தனை நாள் மழை என்பதை முதலில் வரையறுக்கிறார்கள். பிறகு பழைய பதிவுகளோடு உச்சமழைக்கான நிகழ்தகவு வளைவைப் பொருத்தி, இன்றைய வெப்பநிலையிலும் வெப்பமேறாத உலகிலும் அந்த மழைக்கான வாய்ப்பு எவ்வளவு என்று ஒப்பிடுகிறார்கள். கடைசியில் காலநிலை மாதிரிகளிலும் சரிபார்க்கிறார்கள். 2017இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரை மூழ்கடித்த ஹார்வி புயல்மழை, வெப்பமேற்றத்தால் சுமார் 15 விழுக்காடு கூடுதலாகப் பெய்ததாகவும் அதன் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கானதாகவும் தெரியவந்தது. 2021 ஜூலையில் ஜெர்மனி, பெல்ஜியம் பகுதியில் பெய்த மழைக்கு, அளவில் 3 முதல் 19 விழுக்காடு கூடுதல், வாய்ப்பில் 1.2 முதல் 9 மடங்கு என்று அகன்ற இடைவெளியோடுதான் விடை வந்தது. 2015 டிசம்பர் சென்னை மழையை ஆராய்ந்தபோது வெப்பமேற்றத்தின் பங்கைக் கண்டறிய முடியவில்லை. அங்கே கடற்பரப்பு அவ்வளவாகச் சூடேறாததும் காற்றுமாசுத் துகள்களும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. ‘இல்லை’ என்ற விடையும் வரக்கூடிய சோதனை என்பதால்தான் அது ‘ஆம்’ என்னும்போது மதிக்க வேண்டியிருக்கிறது.

தங்கள் பகுதிப் பதிவேட்டைச் சோதிக்க விரும்பும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள். ஆண்டுக்கு ஒரு பெரிய ஒருநாள் மழை என்று வரிசைப்படுத்துங்கள். 30 ஆண்டு போதாது, 60 இருந்தால் தேவலை. மழைமானி இடம் மாறியதா, பக்கத்தில் மரமோ சுவரோ எழுந்ததா என்று விசாரியுங்கள். விடுபட்ட நாட்களைச் சுழியமாகக் கொள்ளாதீர்கள். மானி நிரம்பி வழிந்ததோ, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதோ அந்த நாளாகவே இருக்கக்கூடும். தினமும் குறித்த நேரத்தில் அளக்கும்போது ஒரே மழை இரு நாட்களாகப் பிரிந்துவிடும். எனவே உண்மையான 24 மணி நேர உச்சத்தைப் பெறப் பதிவை 1.13 ஆல் பெருக்குவது வழக்கம். இடைவிடாமல் அளக்கும் தானியங்கி மானி வந்த பிந்தைய ஆண்டுகளோடு இத்திருத்தம் இல்லாமல் ஒப்பிட்டால் இல்லாத உயர்வு தெரியும். இத்தனையும் செய்தாலும் ஒரே நிலையத்தில் 7 விழுக்காடு கண்ணுக்குப் படாது. ஆண்டுக்காண்டு உச்சமழை அதைவிடப் பன்மடங்கு ஏறி இறங்கும். பல நிலையங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு துலங்கும்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லாட்சியையும் கவனமாகக் கையாள வேண்டும். ஆண்டுக்கு 1 விழுக்காடு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டு நிற்கும் வீடு அதை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு 26 விழுக்காடு. இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் காலநிலை மாறிவிட்டது என்றும் ஆகாது, கணக்கு பொய் என்றும் ஆகாது. ஆனால் வடிகால்களின் அகலத்தை முடிவுசெய்யும் மழைச்செறிவு அட்டவணை (எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மழை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற பட்டியல்) பழைய பதிவுகளை மட்டும் கொண்டு போடப்பட்டிருந்தால், அதில் ‘100 ஆண்டு’ என்று எழுதியிருக்கும் மழை இன்று அதைவிடக் குறைந்த இடைவெளியில் வரக்கூடும்.

இனி வெள்ளச் செய்தி வெளியிடும்போது எத்தனை மி.மீ., எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு பரப்பில், அதற்கு முந்தைய வாரம் எவ்வளவு பெய்தது, அணை எப்போது எத்தனை கன அடி திறந்தது என்ற ஐந்து விவரங்களையும் சேர்த்துக் கேட்டு அச்சிடுமாறு தங்கள் செய்தியாளர்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீரியல் துறை வாசகர்கள்