நான்கு மணி வகுப்பும் நான்கு இருபது வேனும்

மாலை நேரப் படிப்பு மையத்தின் செயலாளர் ஐயாவுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமைக் கூட்டத்தில் தொண்டர் பட்டியலிலிருந்து நீக்கிய பெயர்களை நீங்கள் வாசித்தபோது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேரனை எதிர்வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஏழு பெயர்கள். ஏழு பேரும் பெண்கள், ஏழு பேருமே பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள். "குடும்பப் பொறுப்பால் ஈடுபாடு குறைந்தவர்கள்" என்று காரணமும் சொன்னீர்கள். என் பெயர் எடுபட்டதைவிட அந்தக் காரணம்தான் அதிகம் வலித்தது.

வகுப்பு நான்கு மணிக்கு. பேரனின் பள்ளி வேன் தெருமுனைக்கு வருவது நான்கு இருபதுக்கு. யுகேஜி பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் நிற்காவிட்டால் இறக்கிவிட மாட்டார்கள், இறக்கவும் கூடாது. அவனைக் கூட்டிவந்து, முகம் கழுவி, இரண்டு வாய் ஊட்டிக் கிளம்பினால் ஐந்து மணிக்கு மையத்தில் இருப்பேன். அதற்குள் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் சுழி விழுந்திருக்கும். சரி, தாமதம்தான், ஒப்புக்கொள்கிறேன். அப்புறம், "சிறு குழந்தைகளை அழைத்து வரக் கூடாது" என்று கதவில் தாள் ஒட்டினீர்கள். என் பேரன் ஒரு நாள் அழுதான், உண்மை. மற்ற நாள்களில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, பெரிய பிள்ளைகள் சொல்லும் வாய்ப்பாட்டைக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் நல்ல மழை. வேன் வரவே ஐந்தாகிவிட்டது. குடையோடு தெருமுனையில் நிற்கும்போது, என் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அவள் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாள். "டீச்சர், இன்னிக்கு வருவீங்களா, இல்ல நாங்க வீட்டுக்குப் போகட்டுமா?" எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. போம்மா, நாளைக்கு வரேன் என்றேன். மறுநாளும் சுழிதான் விழுந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வகுப்பை ஐந்து மணிக்கு மாற்றுங்கள். பேரப்பிள்ளைகளோடு வர விடுங்கள்.

பேரன் என் தொண்டுக்கு இடைஞ்சல் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நடந்தது நேர்மாறு. மகளின் 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்தபோதுதான் நான் இந்த ஊருக்கு வந்தேன். ஒருவரையும் தெரியாது. கைக்குழந்தையோடு முதல் இரண்டரை வருடம் வாசல் தாண்டியதே குறைவு. அப்போது நீங்கள் வந்து கூப்பிட்டிருந்தாலும் என்னால் முடிந்திருக்காது. அவன் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும்தான் எனக்கும் ஊர் கிடைத்தது. வேனுக்குக் காத்து நிற்கும் இடத்தில் மற்றப் பாட்டிகள் பழக்கமானார்கள். உங்கள் மையம் இருப்பதே அங்கே கேட்டுத்தான் தெரியும். நீங்கள் எடுத்த ஏழு பெயர்களில் நான்கு அந்தத் தெருமுனையிலிருந்து வந்தவை. முழு நாளும் குழந்தையோடு கட்டுண்டு கிடப்பவரால் வெளியே வர முடியாது. கொஞ்ச நேரம் கைக்கு ஓய்வு கிடைத்தால், குழந்தைகள் மேல் உள்ள அதே அக்கறைதான் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் போகிறது.

1991இல், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் நான் தொண்டர். மூன்று வயது மகளைக் கூடவே வைத்துக்கொண்டுதான் பாடம் சொன்னேன். கல் உடைத்துவிட்டு வந்த பெண்களும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். அவர்கள் உலை வைத்து இறக்கிவிட்டு வரும் நேரம்தான் எங்கள் வகுப்பு நேரம். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வா என்று யாரும் யாரையும் சொல்லவில்லை.

இது உங்கள் மையத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. 2017இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில்தான் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். என் மகள் அலுவலகத்தில் இருப்பது முப்பது பேர். அங்கே வராத காப்பகம் நான்தான். 2019இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாரைப் பராமரிப்பது ஒரு தலைப்பு, ஊதியமில்லாத் தொண்டு வேறொரு தலைப்பு. அங்கேயாவது இரண்டையும் எழுத இடம் இருந்தது. உங்கள் பதிவேட்டில் ஒன்றுக்குச் சுழி போடுகிறீர்கள், மற்றொன்றுக்குப் பத்தியே இல்லை.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், மன்னிக்கவும். நிர்வாகக் குழுவில் இருக்கும் ஐயாமார்களில் பாதிப் பேருக்கு என் பேரன் வயதில் பேரப்பிள்ளைகள் உண்டு. நான்கு மணிக்கு நீங்கள் தவறாமல் வந்துவிடுகிறீர்கள், பாராட்டுகிறேன். அந்த நேரத்தில் உங்கள் வீட்டு வேனுக்காகத் தெருமுனையில் நிற்பது யார்? உங்கள் வருகைப் பதிவில் அந்த அம்மாவுக்கும் பாதி உண்டு என்று ஒரு நாளாவது நினைத்தீர்களா?

கோபத்தில் வரம்பு மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மையத்தைத் தொடங்க நீங்கள் பட்ட பாட்டை நான் அறிவேன். அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். எங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நான்காம் வகுப்போடு சேர்த்து உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வகுப்பு ஐந்து மணிக்கு என்றால் ஏழு பேரும் நாளைக்கே வருவோம். அழும் பிள்ளையை வெளியே தூக்கிப்போய்ச் சமாதானம் செய்ய எங்களில் ஒருவர் முறைவைத்து இருப்போம் என்று பேசி முடிவும் செய்துவிட்டோம். தயவுசெய்து நேரத்தை மாற்றிக்கொடுங்கள், கதவில் உள்ள தாளை எடுத்துவிடுங்கள்.

வரும் சனிக்கிழமைக் கூட்டத்தில் இதைப் பேச ஐந்து நிமிடம் கேட்டுக்கொள்கிறேன். அன்று பள்ளி விடுமுறை, மகளுக்கு வேலை நாள். இந்த முறை பேரனை எதிர்வீட்டில் விடப் போவதில்லை, என்னோடு வருவான்.

இப்படிக்கு,
பட்டியலில் நான்காவதாக வாசிக்கப்பட்டவள்