மூஞ்சூறும் விளக்குமாறும்

பெங்களூர்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சாக்கு எதுவும் சொல்லப் போவதில்லை, வேலைதான். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் காய்கறிக்காரரிடம் கன்னடத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். நான் 30 வருஷமாக 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி'யைத் தாண்டவில்லை. பீன்யாவில் இருக்கும் எங்கள் சென்சார் கம்பெனிக்கு இப்போது மெட்ரோவில்தான் போய் வருகிறேன். ஸ்கூட்டர் வாசலில் தூசி குடித்துக்கொண்டிருக்கிறது.

இரும்பைத் தொடாமலே உணரும் ப்ராக்ஸிமிட்டி சென்சாரைப் பற்றி, "கட்டைவிரல் பருமன் ப்ராக்ஸி 5 மில்லிமீட்டரில் பிடிக்குது, தீக்குச்சி மாதிரி இருக்கிறது ஒட்டி உரசினாத்தான் பிடிக்குது. உங்க ஆளுங்க ஏமாத்துறாங்களா?" என்று கேட்டிருந்தாய். யாரும் ஏமாற்றவில்லை. உள்ளே இருப்பது ஃபெரைட் என்ற காந்தப் பீங்கான் கிண்ணத்தில் சுற்றிய ஒரு கம்பிச் சுருள். அதை ஆசிலேட்டர் என்ற அலைவுச் சுற்று ஆட்டிக்கொண்டே இருக்கும். எதிரே இரும்பு வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் பிறந்து ஆட்டத்தின் சக்தியைக் குடித்துவிடும். ஆட்டம் தளர்ந்ததைப் பார்த்து வெளியீடு மாறும், அவ்வளவுதான் சங்கதி. கிண்ணத்திலிருந்து காந்தப்புலம் எவ்வளவு தூரம் எட்டிப் பார்க்கும் என்பது கிண்ணத்தின் வாய் அகலத்தைப் பொறுத்தது. அதனால்தான் முகம் உலோகத்தோடு சமதளமாக இருக்கும்படி பதிக்கும் வகையில், 18 மில்லிமீட்டர் மரை உடம்பான எம்18-க்கு 5 மில்லிமீட்டர், எம்12-க்கு 2, எம்8-க்கு 1.5 என்று இறங்கி, 3 மில்லிமீட்டர் குழாய்க்கு 0.6 வாக்கில் வந்து நிற்கிறது.

சின்ன உடம்பில் தூரத்தையும் கூட்டித் தருகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அது எலெக்ட்ரானிக்ஸின் தலையில் ஏறும் பாரம். தூரத்தில் நிற்கும் இரும்பு ஆட்டத்தில் உண்டாக்கும் மாற்றம் மிகச் சொற்பம். செம்புக் கம்பியின் தடையோ ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் ஏறும். காலையில் 25 டிகிரியில் இருந்த மெஷின் மதியம் 70-ஐத் தொட்டால் கம்பி மட்டுமே 18 சதவீதம் மாறிவிடும். இரும்பு வந்ததா, வெயில் ஏறியதா என்று சென்சாருக்கே குழப்பம். வெப்ப ஈடு கொடுக்க ஒரு சுற்று வேண்டும், அதை வைக்க உள்ளே இடம் வேண்டும். 3 மில்லிமீட்டர் குழாயின் சுவரைக் கழித்தால் போர்டுக்கு மிஞ்சுவது சுமார் 2 மில்லிமீட்டர் அகலம். அதற்குள்தான் 0.6க்கு 0.3 மில்லிமீட்டர் ரெசிஸ்டர்கள். இஞ்சிப் பொடி தூவிய மாதிரி இருக்கும், தும்மினால் போச்சு.

1958-இல் ஜெர்மனியின் மன்ஹைமில் பெப்பர்ல் ஃபுக்ஸ் கம்பெனிக்காரர்கள் ஒரு ரசாயன ஆலைக்காக இந்த வகை சுவிட்சை முதலில் செய்தபோது, தொட்டுத் தேயும் கான்டாக்டை ஒழிப்பதுதான் நோக்கம். இண்டு இடுக்கில் நுழைப்பது பிறகு நாமாக இழுத்துவிட்டுக்கொண்ட வம்பு.

அந்த வம்பில் போன மாதம் எனக்கு நல்ல அடி. 40 உருப்படி செய்தோம். மேஜையில் ஒவ்வொன்றுக்கும் பிடிக்கும் தூரத்தை செட் பண்ணி, எபாக்சி பிசின் ஊற்றி, அடுப்பில் இறுக வைத்தோம். வெளியே எடுத்து அளந்தால் ஒன்றுகூடப் பழைய தூரத்தில் இல்லை. இரண்டு நாள் சர்க்யூட்டைக் குடைந்தேன். கடைசியில் வைண்டிங் மேஜையில் மைக்ரோஸ்கோப் பார்க்கும் அக்கா, "சார், அல்வா இறுகினா தட்டை விட்டு விலகுமில்ல, இது விலக இடமில்லாம உள்ளே இருக்கிறதை நெரிக்குதோ?" என்றார். அதேதான். எபாக்சி இறுகும்போது சுருங்கி ஃபெரைட்டை அழுத்துகிறது, அழுத்தினால் ஃபெரைட்டின் காந்த குணமே மாறுகிறது. பெரிய எம்18-இல் இது கண்ணில் படுவதே இல்லை, சின்னதில் ஆளையே கவிழ்த்துவிடும். இப்போது ஃபெரைட்டைச் சுற்றி மெத்தென்று கொஞ்சம் சிலிகோன் பூசிவிட்டு எபாக்சி ஊற்றுகிறோம். தூரத்தை செட் பண்ணுவதும் ஊற்றி இறுகிய பிறகே, கேபிள் வழியாகவே சிப்புக்குள் எழுதிப் பூட்டிவிடுகிறோம். அந்த 40-உம் என் மேஜை டிராயரில் கிடக்கின்றன. தூக்கிப் போட மனசு வரவில்லை.

உண்மையில் என்னை அதிகம் படுத்துவது சென்சாரின் முகமே இல்லை, கேபிள் வெளியே வரும் முதுகு. கேட்லாக்கில் '22 மில்லிமீட்டர் நீளம்' என்று பார்த்து 25-க்கு இடம் விட்டு மெஷினை வரைந்துவிடுகிறார்கள். கேபிளை யார் யோசிப்பது? அசையும் இடமென்றால் கேபிள் விட்டத்தைப் போலச் சுமார் 10 மடங்கு ஆரத்தில் வளைய வேண்டும். 2.5 மில்லிமீட்டர் கேபிளுக்கு அதுவே 25. தான் போக மாட்டாத மூஞ்சூறு விளக்குமாற்றையும் கவ்விக்கொண்டு போன கதைதான். மெக்கானிக் கேபிளைக் கழுத்திலேயே மடக்கிச் செருகுவார். ஆறு மாதத்தில் உள்ளே செம்பு அறுந்து, சென்சார் விட்டு விட்டு வேலை செய்யும். பழி எங்கள் மேல். புது டிசைனில் கேபிளைப் பக்கவாட்டில் வெளியே எடுத்திருக்கிறோம். தூரத்தை அரை மில்லிமீட்டர் கூட்டுவதைவிட இதுதான் வாங்குகிறவனுக்கு உபயோகம் என்பது என் கட்சி. எங்கள் சேல்ஸ்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

இனி பம்ப்பைப் பிடித்து வைக்கும் உன் ஃபிக்ஸ்சர். 11 மில்லிமீட்டர் சந்து, தொட்டு இயங்கும் லிமிட் சுவிட்ச் நெம்புகோலில் உலோகச் சீவல் சிக்கிக்கொள்கிறது என்கிறாய். குட்டையான எம்8 போதும். ஆனால் உன் பம்ப் உடம்பு அலுமினியம், அதற்குத் தூரம் இரும்பில் 0.4 பங்குதான். 1.5 என்பது 0.6 ஆகிவிடும். நிச்சயமாகப் பிடிக்கும் தூரத்துக்கு அதிலும் 81 சதவீதம் என்று எடுத்தால் அரை மில்லிமீட்டருக்குக் கீழே, நாலைந்து காகிதம் கனம். கூலன்ட்டும் அதிர்வும் இருக்கிற இடத்தில் அதை நம்பாதே. அலுமினியத்தை விட்டுவிட்டு கிளாம்ப் கையைப் பார். கையில் 8 மில்லிமீட்டர் சதுரத்தில் மைல்ட் ஸ்டீல் துண்டு ஒன்றைத் திருகிவிடு, 1 மில்லிமீட்டர் கனம் போதும். அது சென்சார் முகத்தைக் குறுக்கே கடந்து போகிற மாதிரி வை. பம்ப் இல்லாவிட்டால் கை இன்னும் கீழே இறங்கும், துண்டு முகத்தைத் தாண்டிவிடும், சிக்னல் வராது. கை மூடியதா, உள்ளே பொருள் இருக்கிறதா என்கிற இரண்டு கேள்விக்கும் ஒரே சென்சார்.

மெஷினை ஓட்டும் உன் பிஎல்சி கன்ட்ரோலருக்கு வேண்டிய சென்சார் வெளியீடு பிளஸ் பக்கம் இணைக்கும் பிஎன்பியா, மைனஸ் பக்கம் இணைக்கும் என்பிஎன்னா என்று பார்த்து எழுது, அந்தப் பழைய ஜப்பான் மெஷினென்றால் என்பிஎன்னாகத்தான் இருக்கும். இரண்டு பீஸ் என் கையாலேயே அனுப்புகிறேன், காசு பேச்சு எடுக்காதே. சந்தின் படத்தைப் போட்டு அனுப்பு. கேபிள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதையும் மறக்காமல் பென்சிலில் கோடு போட்டுக் காட்டு.

உன் பழைய ரூம்மேட்