சீட்டு எழுதிக் கொடுத்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமங்களில் நடக்கும் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் பற்றிய செய்திகளில் 'இத்தனை பெண்களுக்குப் பரிசோதனை' என்ற எண்ணிக்கை தவறாமல் இடம்பெறுகிறது. அவர்களில் எத்தனை பேருக்கு சந்தேகம் எழுந்தது, எத்தனை பேருக்கு அடுத்தகட்ட சோதனை நடந்தது, எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்ற மூன்றும் வருவதில்லை. வட்டார வாரியாக மாதந்தோறும் இந்த மூன்றையும் சுகாதாரத் துறை வெளியிட வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

இதற்கான சான்று எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000-ல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கர்ப்பப்பை வாயில் புற்றின் அறிகுறி இருக்கிறதா என்று அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 31,343 பேரைப் பார்த்ததில் 3,088 பேருக்கு சந்தேகம். அவர்களில் 3,052 பேருக்கு, கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி நடந்துவிட்டது. விடுபட்டவர்கள் வெறும் 36 பேர். கருவி அதே இடத்தில், அதே வருகையில் இருந்ததுதான் காரணம். தேவைப்பட்டவர்களுக்குத் திசு எடுப்பதும், தகுதியானவர்களுக்கு உறைய வைக்கும் கிரையோ சிகிச்சையும்கூட அங்கேயே நடந்தன. 2007-ல் வெளியான முடிவுகளின்படி, பரிசோதனை நடந்த பகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்று 25 சதவீதமும் அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. அவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும், புற்றுக்கு முந்தைய நிலையில் இருந்த 1,874 பேரில் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்கள் 72 சதவீதம்தான். 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பும் இடங்களில் நிலைமை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத பெண், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பேருந்து மாறி, எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாத இடத்துக்கு ஏன் போவார்?

ஆகவே முகாமுக்கே கால்போஸ்கோப்பும், நோயுற்ற திசுவைச் சூட்டால் அழிக்கும் தெர்மல் அப்லேஷன் கருவியும் வர வேண்டும். கிரையோவுக்குப் பெரிய வாயு சிலிண்டர் தேவை. பாதியில் தீர்ந்தால் அன்றைய வேலை நின்றுவிடும். தெர்மல் கருவி பேட்டரியில் ஓடும், கைப்பையில் அடங்கும். 100 டிகிரியில் 20 முதல் 30 வினாடி, தேவையான இடம் முழுவதும் மூடும்படி, கருவியின் முனையை ஓரம் ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்தால் முடிந்தது. அமிலம் பட்டு வெளுத்த திட்டு கர்ப்பப்பை வாயின் முக்கால் பங்குக்கு மேல் பரவியிருந்தாலோ, உள்வாய்க்குள் ஏறியிருந்தாலோ, புற்றாகவே இருக்கலாம் என்று தோன்றினாலோ அங்கே கை வைக்கக் கூடாது. அவர்களை மட்டும் மேலே அனுப்பினால் போதும். அப்படி அனுப்பப்படுபவர்கள் சிலரே என்பதால், பெயர் சொல்லிப் பின்தொடர கிராம சுகாதார செவிலியரால் முடியும்.

அசிட்டிக் அமிலச் சோதனை எளிமையானது. அந்த எளிமையே அதை அலட்சியத்துக்கு ஆளாக்குகிறது. 95 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 5 மி.லி. கிளேசியல் (நீர் கலக்காத) அசிட்டிக் அமிலம் கலந்தால் 5 சதவீதக் கரைசல். அன்றன்று கலக்க வேண்டும், மாலையில் மீதியைக் கொட்டிவிட வேண்டும். வீரியம் போன கரைசலில் வெள்ளை எழாது. நோய் உள்ளவருக்கும் 'நார்மல்' என்று எழுதிவிடுவோம். நீர் கலக்காத அமிலம் கைதவறிப் பட்டால் திசு வெந்துபோகும், அதனால் அதை அதே மேசையில் வைக்கவே கூடாது. உலர்ந்த பஞ்சால் சளியை மெல்ல ஒற்றி எடுத்தபின் அமிலம் நனைத்த பஞ்சை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அழுத்தித் துடைத்தால் ரத்தம் கசிந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். கூட்டம் அலைமோதும் முகாம்களில் முதலில் பறிபோவது இந்த ஒரு நிமிடம்தான். உள்தோலும் வெளித்தோலும் சந்திக்கும் கோட்டை ஒட்டி, ஓரம் தெளிவாக, சுண்ணாம்பு அடித்ததுபோல் அடர்ந்த வெள்ளைத் திட்டு எழுந்தால்தான் பாசிட்டிவ். ஓரமில்லாத மங்கிய வெள்ளை பெரும்பாலும் அழற்சியாகவோ இயல்பான திசு மாற்றமாகவோ இருக்கும். மஞ்சள் வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. வெள்ளை ஒளி தரும் ஃபோகஸ் விளக்கு வேண்டும்.

மாதவிலக்கு நின்ற பெண்கள் பலருக்கு அந்தச் சந்திப்புக் கோடு உள்வாய்க்குள் ஏறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தை 'நெகட்டிவ்' என்று எழுதுவது பெருந்தவறு. 'பார்க்க முடியவில்லை' என்று எழுதி, இந்தப் புற்றுக்குக் காரணமான வைரஸைத் தேடும் எச்.பி.வி. சோதனைக்கு அனுப்புவதே முறை.

கர்ப்பப்பை வாயைப் பார்க்க வழி திறந்து பிடிக்கும் ஸ்பெகுலம் எத்தனை இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொன்றையும் 0.5 சதவீதக் குளோரின் கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்து எடுக்க வேண்டும். பிரசவ அறைக்கும் அதே ஆட்டோகிளேவ்தான். எட்டு ஸ்பெகுலம் உள்ள நிலையத்துக்கு ஒரு நாளைக்கு 30 பேர் என்று இலக்கு வைத்தால், ஒன்று சுத்தம் குறையும், இல்லையென்றால் பார்க்காமலே பதிவேடு நிரம்பும். இலக்கு வைப்பவர்கள் முதலில் கருவிகளை எண்ணட்டும்.

மார்பகக் கட்டியோடு வரும் பெண்ணுக்கு இதைவிடக் கொடிய இழப்பு நேர்கிறது. ஊசி மூலம் திசு எடுத்துப் பார்க்காமல், கட்டியை மட்டும் தோண்டி எடுத்து அனுப்பிவிடும் பழக்கம் சிறு ஊர்களில் இன்னும் இருக்கிறது. ஓரத்தில் நோய் மிச்சமிருக்கும், அக்குள் நெறிக்கட்டிகளைப் பார்த்திருக்க மாட்டார்கள், மறுபடியும் கத்தி வைக்க வேண்டிவரும். எடுத்த திசுவை சலைனில் (உப்பு நீரில்) போட்டு அனுப்பினால் ஆய்வகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடும். புற்றுச் செல்லின் தன்மையைக் காட்டும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 சோதனைகள் எதையும் நம்பிப் பார்க்க முடியாது. எந்த மருந்து பலிக்கும் என்று சொல்ல அந்த மூன்றும் வேண்டும். கோர் நீடில் என்ற தடித்த ஊசியால் எடுத்த திசுவை ஒரு மணி நேரத்துக்குள், அதைப்போல் பத்து மடங்கு அளவு, திசுவைக் கெடாமல் காக்கும் 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் போட வேண்டும். அறுவையில் எடுத்த பெரிய திசுவுக்குப் பாட்டில் அகன்ற வாயாக இருக்க வேண்டும். குறுகிய வாயில் மடக்கித் திணித்த பெரிய திசு இறுகி வெளியே வராது, ஃபார்மலின் நடுவரை இறங்காமல் உள்ளே அழுகும். பெயரை மூடியில் எழுதக் கூடாது, பாட்டிலின் உடலில் எழுத வேண்டும். மூடிகள் மாறிப்போகும்.

வாய்ப் புற்றுக்கு டார்ச் விளக்கும் இரண்டு நிமிடமும் போதும். பல்செட்டைக் கழற்றச் சொல்லி, நாக்கின் அடியையும் ஓரத்தையும் பார்க்க மறக்கக் கூடாது.

கர்ப்பப்பை வாய்ப் புற்று முற்றியவர்களுக்குக் கதிர்வீச்சு, வாரம் ஐந்து நாளாக ஐந்து வாரம், அதன்பின் கருவியை உள்ளே வைத்துத் தரும் உட்கதிர்வீச்சு. எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறையும். காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவை ஏற்கும். துணைக்கு வருபவரின் கூலியை யார் தருவார்? சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் வயிற்றுப்போக்கும் சோர்வும் சேர்ந்துகொள்ளும். அந்த உடம்போடு தினமும் மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம் நடக்காது. நடுவில் நிறுத்துபவர்களைக் குறை சொல்வதற்கு முன், கதிர்வீச்சு மையம் ஒவ்வொன்றுக்கும் அருகே நோயாளியும் துணையும் தங்க இலவச இடமும் உணவும் அமைத்துத் தர வேண்டும்.

கடைசியாக வலி. 2014-ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை, கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மாத்திரையை இருப்பில் வைத்துக் கொடுக்கத் தடையில்லை. பயிற்சி பெற்ற மருத்துவரும் முறையான பதிவேடும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, உடன் மலமிளக்கியும் கட்டாயம். மலச்சிக்கலுக்குப் பயந்தே பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வட்டாரத்துக்கு ஓர் அரசு மருத்துவமனையாவது இந்த அங்கீகாரத்தைப் பெற்று, வீடு தேடி வரும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' குழுவின் வழியே மாத்திரையை வீட்டிலேயே கிடைக்கச் செய்ய வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய திட்டமோ தேவையில்லை.

இப்படிக்கு,
கிராமப்புறப் புற்றுநோய்ப் பரிசோதனைப் பணியில் உள்ள மருத்துவர்கள், செவிலியர்கள்,
திண்டுக்கல் மாவட்டம்