அழாத பிள்ளை

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, அதுவே போதும். சொட்டு மருந்தை மறக்காமல் விட்டுக்கொள், உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியும். இங்கே முழங்கால் வலியைத் தவிர எல்லாம் சுகம்.

தெருக்கோடி வீட்டுப் பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தாய். ஒன்றரை வயதாகியும் நிற்கவில்லை, கைகால் குச்சியாக இருக்கிறது, "பெற்றவளுக்கு அக்கறையே கிடையாது" என்று. அந்தக் கடைசி வரிக்குத்தான் உன்னோடு சண்டை போட வருகிறேன்.

எண்பதுகளில் மதுரைப் பக்கம் ஊட்டச்சத்துத் திட்டத்தில் இருந்தபோது மாதாமாதம் பிள்ளைகளைத் தராசில் தொங்கவிடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? கொழுகொழுவென்று இருப்பது ஊரையே கூட்டும். எடை ஏறாதது சத்தமில்லாமல் தொங்கும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். சவலைப் பிள்ளைக்கு அழத் தெம்பு ஏது? தவழாது, எதையும் இழுத்துக் கொட்டாது, சிரித்து ஆளைக் கூப்பிடாது. தொந்தரவில்லாத பிள்ளை என்று பாயில் விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். கேட்காததால் ஊட்டுவது குறையும், ஊட்டாததால் இன்னும் ஓயும். உன் தெருக்கோடிப் பிள்ளையின் அம்மாவோ மில்லில் ஷிப்ட் பார்க்கிறவள், பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஐந்து வயது அக்கா என்று நீயே எழுதியிருக்கிறாய்! 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அத்தனை வீட்டிலும் அக்கறையில்லாத தாயா?

1986-87ல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகர ஏழைக் குடியிருப்புகளில் இப்படி வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். சாலி கிரந்தாம்-மெக்ரிகர் என்ற அம்மாள் முன்னின்று நடத்தியது. சில வீடுகளுக்கு வாராவாரம் ஒரு கிலோ பால்மாவு. சில வீடுகளுக்கு நம்மைப் போன்ற சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் போய், கையால் செய்த பொம்மைகளை வைத்துப் பிள்ளையோடு விளையாடவும் பேசவும் அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார். சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்றுமில்லை. இரண்டு வருடம் நடந்தது. இருபது வருடம் கழித்துப் பார்த்தால், விளையாட்டு கிடைத்தவர்களின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். பால்மாவு மட்டும் வாங்கியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. சோறு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, சத்துமாவுப் பாக்கெட்டைக் கொடுத்ததோடு கடமை முடிந்ததாக நினைத்தோமே, அதைத்தான் சொல்கிறேன்.

நிஜமாகவே பிள்ளையைப் பட்டினி போடும், அடித்து நொறுக்கும் வீடுகளும் உண்டு, மறுக்கவில்லை. அப்படித் தெரிந்தால் தயங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய். ஆனால் நீ எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

அவள் ஷிப்ட் முடிந்து வரும் நேரமாகப் பார்த்துப் போ. புத்தி சொல்லாதே. அங்கன்வாடியில் எடை பார்த்தார்களா என்று விசாரி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் கூடப் போ. பகலில் உனக்கு வேலையென்ன, சீரியல்தானே? அந்த அக்காவையும் தம்பியையும் உன் திண்ணையில் உட்காரவைத்துக் குழைந்த சோறு ஊட்டு, வாய் ஓயாமல் பேசு. அது உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எடை எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எழுது.

உன்,
கமலா