கணினி வாங்கும் முன் இரண்டு சாளரங்களைத் திறந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினி வாங்குவோருக்கு நாளிதழ்களில் வரும் ஆலோசனைகள் பெரும்பாலும் பிராசசர், ராம், விலை ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. வாங்கியவர் அதன் முன் உட்கார்ந்து நாள் முழுக்கச் செய்யும் வேலையோ வேறு. ஒரு பக்கம் ஆங்கிலச் சுற்றறிக்கை, மறுபக்கம் அதன் தமிழாக்கம். ஒரு பக்கம் வங்கிக் கணக்கு விவரம், மறுபக்கம் பேரேடு. இப்படி இரண்டு சாளரங்களை (விண்டோக்களை) அருகருகே வைத்து மாறி மாறிப் பார்ப்பதில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் ஒன்றுக்கொன்று நிறையவே வேறுபடுகின்றன. அந்த ஒப்பீட்டையும் உங்கள் பக்கங்களில் வெளியிட வேண்டுகிறேன்.

இதில் விண்டோஸ் முன்னால் நிற்கிறது என்பது என் கருத்து. சாளரத்தைத் திரையின் ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையில் பொருந்தி நிற்கும் வசதி 2009இல் விண்டோஸ் 7உடன் வந்தது. விண்டோஸ் விசையுடன் இட, வல அம்புக்குறியை அழுத்தினாலும் அதே பலன். 2015இல் விண்டோஸ் 10 கால் பங்குத் திரையையும் சேர்த்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11இல் விண்டோஸ் விசையுடன் இசட் எழுத்தை அழுத்தினால் அடுக்குமுறைகள் படமாகத் தெரியும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். நடுக்கோட்டைப் பிடித்து இழுத்தால் இரு சாளரங்களும் சேர்ந்தே அளவு மாறும். தமிழாக்கம் செய்பவருக்கு மூலத்தைக் குறுக்கி மொழிபெயர்ப்பை அகலமாக்க இது பெரிய உதவி.

பலருக்கு இது சரியாக வேலை செய்யாததற்குக் காரணம் திரையின் அகலம். 1366 பிக்சல் அகலமுள்ள திரையைப் பாதியாக்கினால் 683தான் கிடைக்கும். 1920 பிக்சல் திரை என்று சொல்லி விற்கும் லேப்டாப்பிலும் எழுத்தளவு 125 சதவீதத்தில் இருந்தால் நடைமுறை அகலம் 1536, பாதி 768. அதுவே 150 சதவீதமானால் 1280, பாதி 640. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறைந்தபட்ச அகலத்தை வைத்திருக்கிறது. பாதித் திரை அதைவிடச் சிறியதானால் சாளரம் அங்கே அடங்காமல் பக்கத்துச் சாளரத்தின் மேல் ஏறி நிற்கும். கணினி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, ஸ்கேல் என்ற இடத்துக்குப் போய் 100 சதவீதமாக்கிப் பாருங்கள். எழுத்து கண்ணுக்குச் சிறிதாகத் தெரிந்தால், பிரவுசரில் மட்டும் கன்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறியை அழுத்திப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

புரொஜெக்டரையோ இரண்டாவது மானிட்டரையோ கழற்றிய பிறகு ஒரு சாளரம் காணாமல் போவதும் உண்டு. டாஸ்க்பாரில் இருக்கும், திரையில் இராது. கழற்றிய திரை இருந்த இடத்திலேயே அது இன்னும் நிற்பதுதான் காரணம். ஆல்ட், டேப் அழுத்தி அதைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் விசையும் ஷிப்டும் சேர்த்து இட அல்லது வல அம்புக்குறியை அழுத்துங்கள். அதற்கும் வரவில்லையென்றால் ஆல்ட், ஸ்பேஸ் அழுத்தி, பிறகு எம் எழுத்து, பிறகு ஏதாவது ஓர் அம்புக்குறியை ஒருமுறை அழுத்தி மவுஸை நகர்த்துங்கள். சாளரம் மவுஸோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

மேக் கணினிக்கு மாறுபவர்கள் முதல் வாரத்திலேயே தடுமாறுவது வேறோர் இடத்தில். விண்டோஸில் ஆல்ட், டேப் சாளரம் சாளரமாக மாற்றும். மேக்கில் கமாண்ட், டேப் மென்பொருள் மென்பொருளாகத்தான் மாற்றும். இரண்டு வேர்ட் கோப்புகள் திறந்திருந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக கமாண்ட் விசையுடன் டேப்புக்கு மேலே உள்ள விசையை அழுத்த வேண்டும். கமாண்ட், எம் அழுத்திக் கீழே இறக்கிய சாளரம் கமாண்ட், டேப் அழுத்தினால் திரும்பி வராது. கமாண்டை விடும் முன் ஆப்ஷன் விசையையும் பிடித்திருக்க வேண்டும். இதைவிட எளிய வழி, எம்முக்குப் பதில் கமாண்ட், ஹெச் பழகுவது. அப்படி மறைத்தது கமாண்ட், டேப்பிலேயே திரும்பிவிடும்.

ஓரத்துக்கு இழுத்துப் பொருத்தும் வசதி மேக்கில் 2024இல் வெளியான செக்கோயா பதிப்பில்தான் சேர்ந்தது. விண்டோஸ் 7க்குப் பதினைந்து ஆண்டுகள் பிந்தி! எஃப்என், கன்ட்ரோல் விசைகளுடன் அம்புக்குறியை அழுத்தினால் பாதித் திரை. அவற்றோடு ஆர் எழுத்தை அழுத்தினால் பழைய அளவு. சாளரங்களுக்கு நடுவே விழும் இடைவெளி சிறிய திரையில் வீண். சிஸ்டம் செட்டிங்ஸில் டெஸ்க்டாப் அண்ட் டாக் பகுதியில் அதை நிறுத்தலாம். அதே பக்கத்தில், அண்மைப் பயன்பாட்டை வைத்துத் திரைவெளிகளின் (ஸ்பேஸஸ் எனப்படும் தனித்தனி மெய்நிகர்த் திரைகளின்) வரிசையைத் தானாக மாற்றும் தேர்வையும் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் நேற்று இரண்டாவதாக இருந்த திரைவெளி இன்று மூன்றாவதாக இருக்கும். கைப்பழக்கம் படியவே படியாது.

லினக்ஸ் என்று பொதுவாகச் சொல்லி ஒப்பிடுவது சரியில்லை. சாளரங்களைக் கையாள்வது அதன் மேல் இயங்கும் திரைச்சூழல். குனோம் என்ற திரைச்சூழலில் பாதித் திரை மட்டும் உண்டு. கால் பங்கு வேண்டுமானால் நீட்சி (கூடுதல் வசதி தரும் இணைப்பு மென்பொருள்) தேவை. உபுண்டு என்ற லினக்ஸ் வகை 23.10 பதிப்பு முதல் அப்படியொரு நீட்சியைச் சேர்த்தே தருகிறது. கேடிஇ பிளாஸ்மா என்ற இன்னொரு திரைச்சூழலில் 5.27 பதிப்பு முதல், விண்டோஸ் விசையுடன் டி (T) எழுத்தை அழுத்தித் திரையை நம் விருப்பப்படி கட்டம் பிரிக்கலாம். ஷிப்டைப் பிடித்துக்கொண்டு சாளரத்தை இழுத்தால் கட்டத்தில் உட்காரும். ஒரு சாளரத்தை எப்போதும் மேலே நிறுத்தும் வசதி குனோம், கேடிஇ இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸில் அதற்குப் பவர்டாய்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, விண்டோஸ் விசை, கன்ட்ரோல், டி (T) அழுத்த வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்வோருக்கு இன்னொன்று முக்கியம். இடப்பக்கம் ஆங்கிலத்தில் தேடிவிட்டு வலப்பக்கம் தமிழில் எழுத வந்தால், விசைப்பலகை ஆங்கிலத்திலேயே நிற்கும். ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். மறந்தால் அரை வரி ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். விண்டோஸ் 8 முதல் எல்லாச் சாளரங்களுக்கும் ஒரே மொழி என்பதே இயல்பமைப்பு. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் போய், சாளரத்துக்குச் சாளரம் தனி உள்ளீட்டு முறை என்ற தேர்வைக் குறியிட்டால் சிக்கல் தீரும். இது விண்டோஸுடன் வரும் தமிழ் விசைப்பலகைகளுக்கான அமைப்பு. தனியே நிறுவும் தமிழ் எழுதிகளுக்கு அவற்றின் அமைப்பையே பார்க்க வேண்டும். குனோமில் கீபோர்டு பக்கத்தில் இதே தேர்வு உண்டு. கேடிஇ இன்னும் நுணுக்கமாக, சாளரம்வாரியாகவா மென்பொருள்வாரியாகவா என்று கேட்கிறது. மேக்கில் ஆவணத்துக்கு ஏற்ப உள்ளீட்டு மொழியைத் தானாக மாற்றும் தேர்வு இருக்கிறது.

கடையில் ஐந்து நிமிடம் கிடைத்தாலும் போதும். பிரவுசரில் நீளமான ஒரு பக்கத்தை இடப்பக்கமும், எழுதும் மென்பொருளை வலப்பக்கமும் விசைகளால் மட்டுமே நிறுத்தச் சொல்லுங்கள். வலப்பக்கம் ஒரு வரி எழுதிவிட்டு, எதையும் கிளிக் செய்யாமல் மவுஸை இடப்பக்கம் கொண்டுபோய்ச் சக்கரத்தை உருட்டுங்கள். பக்கம் நகர வேண்டும். மறுபடி தட்டும்போது எழுத்து வலப்பக்கத்திலேயே, விட்ட இடத்திலேயே விழ வேண்டும்.

– கணினிப் பயிற்றுநர், திருச்சி