கண் விழித்த பிறகுதான் கதை

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் தொடருக்கு நீ எழுதி அனுப்பிய எட்டு எபிசோடையும் படித்து முடித்துவிட்டேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். ஆஸ்பத்திரி காட்சிகள் சரியாக இருக்கின்றனவா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் சரி. எனக்கு இடிக்கிறது அதற்கு அப்புறம் வருவதுதான்.

ஹெல்மெட் போடாதவன் பைபாஸில் விழுகிறான். மனைவி ஐசியூ வராண்டாவில் அழுகிறாள். ஆறாவது எபிசோடில் கண்ணைத் திறந்து அவள் பெயரைச் சொல்கிறான். ஏழாவதில் இடித்த லாரியின் நம்பர் ஞாபகம் வருகிறது. எட்டாவதில் மகளுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டுகிறார்கள். நியூரோ வார்டில் நர்ஸாகவே சர்வீஸை முடித்தவளுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வருமா வராதா, நீயே சொல்.

தலையில் அடிபட்டு வந்தவருக்கு எவ்வளவு சுயநினைவு இருக்கிறது என்று பார்க்க, கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15க்கு எவ்வளவு என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சார்ட்டில் குறிப்போம். அசைவே இல்லாமல் கிடப்பவருக்கும் 3 உண்டு. அது ஆறு, ஏழு, எட்டு என்று ஏறுவதற்குள் வெளியே உட்கார்ந்திருக்கிறவர்கள் பாதி உயிர் போய்விடும். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் ஆள் இருக்க மாட்டார். அப்புறம் ஒரு கட்டம் வரும். மூக்கு டியூபைப் பிடுங்குவார், கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார், காது கூசுகிற மாதிரி திட்டுவார். கையைத் துணியால் கட்டித்தான் வைப்போம். வீட்டில் அதிர்ந்து பேசாத பிள்ளை பெற்ற தாயைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லும்போது, "இது தேறி வருகிற அறிகுறிதாம்மா" என்று நாங்கள் சொன்னால் எந்தத் தாய்க்குக் காதில் ஏறும்? அவருக்கு மறுநாள் அதெல்லாம் சுத்தமாக நினைவிருக்காது.

லாரி நம்பரை எடுத்துவிடு. அடிபட்ட நிமிஷமும் அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததும் பலமாக அடிபட்டவர்களுக்குப் பெரும்பாலும் திரும்பி வருவதே இல்லை. டேப்பில் பதிவே ஆகாத பாட்டை எத்தனை தடவை சுற்றினாலும் கேட்க முடியாது.

நம் சினிமாவுக்கு ஞாபக மறதிமேல் அப்படி ஒரு காதல். மறுபடி தலையில் அடிபட்டால் எல்லாம் திரும்பிவிடும் என்று எத்தனை படம் பார்த்து வளர்ந்தோம்! 1982இல் வந்த 'மூன்றாம் பிறை'யையே எடுத்துக்கொள். விபத்தில் அடிபட்ட பெண் குழந்தையாகிவிடுவதும், நாட்டு வைத்தியர் ஒரே நாளில் குணப்படுத்துவதும், நடுவில் இருந்த காலம் மட்டும் கத்தரித்த மாதிரி மறந்துபோவதும் வார்டில் நான் பார்க்காத சங்கதிகள். ஆனாலும் அந்த ரயில்வே ஸ்டேஷனில் கமல் படுகிற பாடு இருக்கிறதே, அதை விசிட்டர் நேரத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன். பார்த்துப் பார்த்து ஊட்டி வளர்த்தவனை யாரோ மாதிரி பார்ப்பது. பாலு மகேந்திரா அதை எப்படிப் பிடித்தாரோ.

'கஜினி'யின் போட்டோவும் குறிப்பும் நிஜத்துக்குக் கொஞ்சம் பக்கம். பச்சை குத்தச் சொல்லவில்லை, ஆனால் ஒரு நோட்டில் எழுதி வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் நாங்களும் பழக்குவோம். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 2012இல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்'. கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கப் போய் விழுந்தவன் அதே நாலு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான் பார், அது அச்சு அசல். அந்தப் படத்துக்குக் கேமரா பிடித்த பிரேம்குமாருக்கே நடந்ததாம், சும்மாவா? ஆனால் அதிலும் நண்பர்கள் விஷயத்தைக் கல்யாண வீட்டுக்கு மறைப்பதுதான் கதை. மணமேடையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் பக்கம் கேமராவைத் திருப்பியிருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

நீ அந்தப் பக்கம் திருப்பு என்றுதான் சொல்ல வருகிறேன்.

எங்களிடம் இருந்து வீட்டுக்குப் போன ஒரு மெக்கானிக். நடந்துதான் போனார். பத்தாவது படித்த பள்ளியின் வாத்தியார் பெயரெல்லாம் சரியாகச் சொல்வார், காலையில் தின்றது இட்லியா தோசையா என்றால் முழிப்பார். மூளை வீங்க இடம் வேண்டும் என்று மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருந்தது. மூன்று மாதம் கழித்து அதைத் திரும்ப வைக்க வந்தபோது அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறுகிறது, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், தெரியவில்லை. வாசனை நரம்பு அறுந்திருந்தது, தலையில் அடிபட்டவர்களில் நிறையப் பேருக்கு அப்படி ஆகும். "கேஸ் கசிஞ்சாலும் தெரியாதே சிஸ்டர், இவரை விட்டுட்டு நான் எப்படி வேலைக்குப் போறது?" என்றாள். டிவி சத்தம் கேட்டால் ரிமோட்டை எறிகிறார், பிள்ளை அப்பா பக்கத்தில் படுக்க மாட்டேன் என்கிறது. யாராவது சொன்னால் ஒழிய குளிக்கக்கூடப் போவதில்லை, சோம்பேறித்தனமா என்று மாமியார் கேட்கிறாள். சோம்பேறித்தனம் இல்லை, நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளை பட்ட அடி. சொந்தக்காரர்கள் வந்து காபி குடித்துவிட்டு "ஆளு நல்லாத்தானே இருக்கார், உன் தாலி கெட்டி" என்று சொல்லிவிட்டுப் போகிறார்களாம். அதற்கு மேல் அவள் யாரிடம் அழுவாள்?

இப்படிப்பட்ட வீடுகள் இப்போது கூடிக்கொண்டுதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 108 வந்ததும், 2021 கடைசியில் முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை என்று அரசாங்கம் கொண்டுவந்ததும் நல்ல காரியம். அந்தக் காலத்தில் வழியிலேயே போயிருக்கக்கூடியவர்கள் பிழைத்து வருகிறார்கள். நாற்பத்தொன்பதாவது மணியிலிருந்து உன் கதையை ஆரம்பித்தால் என்ன?

இரண்டாவது எபிசோடிலேயே கண் விழிக்க வைத்துவிடு. மீதி ஆறும் வீட்டுக்குள் நடக்கட்டும். வலிப்பு மாத்திரையை அவன் மறக்க, அவள் டப்பாவை எண்ண வேண்டும். பைக் சாவியை அரிசிப் பானையில் ஒளித்து வைக்க வேண்டும். ஒரு நாள் அவளும் அவனைக் கை நீட்டி அடிக்கட்டும். அதையும் பார்த்திருக்கிறேன், அவளை நல்லவளாக்கியே தீர வேண்டும் என்று நினைக்காதே. கடைசியில் பாதிதான் தேற வேண்டும்.

திருத்தியதும் அனுப்பு, படிக்கிறேன். மூன்றாவது எபிசோடில் ஐசியூ நர்ஸ் கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு டிரெஸ்ஸிங் பண்ணுகிறாள், அதையும் மறக்காமல் எடுத்துவிடு. அப்பா வண்டி சர்வீஸுக்குப் பணம் கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா