படிக்க அனுப்பினேனா, களை பறிக்கவா?

அன்புள்ள செல்வி,

நலம். நீயும் அண்ணனும் பிள்ளைகளும் நலம்தானே? உன் மாமியாருக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே மலையில் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் தோட்டம் போட்டிருக்கிறோம் என்று சொன்னேன் இல்லையா? கேரட், பட்டாணி, ஓரத்தில் கொஞ்சம் பூண்டு. ஒரு ராத்திரி காட்டுமாடு வேலியைச் சாய்த்துவிட்டு வந்து முட்டைக்கோஸ் பாத்தியைக் காலி பண்ணிவிட்டுப் போனது. மிச்சம் நன்றாகவே வந்தது. நமக்குப் பாடம் எடுத்த மண்புழு மேடம் பார்த்திருந்தால் என்னைக் கட்டிப்பிடித்திருப்பார். உன்னை இல்லை, நீ எதற்கு மயங்கி விழுந்தாய் என்று ஊருக்கே தெரியும்.

ஏழாம் வகுப்புக்குப் பட்டாணி வேரைப் பிடுங்கிக் காட்டினேன். வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. "டீச்சர், இதுக்கு ரத்தம் இருக்கு" என்றான் ஒருவன். நம் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் பொருள்தான் அந்த நிறத்தைத் தருகிறது என்றேன். முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கிக் கொடுக்கிறது என்றதும், "அப்ப எங்கப்பா எதுக்கு யூரியா மூட்டை வாங்குறாரு?" என்கிறான். பட்டாணிக்குச் சரி, கேரட்டுக்கும் உருளைக்கும் அந்த வசதி இல்லையே என்று விளக்குவதற்குள் மணி அடித்துவிட்டது.

சமையல் அன்றைக்குச் சத்துணவு அக்கா ஓர் அடுப்பை விட்டுக்கொடுத்தார். கேரட் பட்டாணிக் கூட்டு, பூண்டுத்தாள் கிள்ளிப் போட்ட ரசம். பருப்புதான் வேகவே இல்லை. சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இவ்வளவு உயரத்தில் 93 பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது, எப்படி வேகும்? அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குக்கரை எடுத்து வைத்தார். அவருக்கு டிகிரி எல்லாம் தேவைப்படவில்லை.

அறுவடையில் ஒன்றைக் கவனித்தேன், செல்வி. பிடுங்கின கேரட்டில் ஆளுக்கொன்று பச்சையாகத் தின்னலாம் என்றேன். ஒரு பெண், கல்லில் முட்டி இரண்டாகக் கிளைவிட்ட ஒன்றைத் தேடி எடுத்தாள். நல்லதாக எடுடி என்றால், "நல்லது விக்கத்தானே டீச்சர்" என்கிறாள். இங்கே நல்லதெல்லாம் லாரியேறிக் கீழே போய்விடும். வெடித்தது, கிளைவிட்டதுதான் வீட்டுக்கு. அன்று நல்ல கேரட்டாக ஒன்றை அவள் கையில் திணித்தேன். என்னவோ சாதித்துவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் அவளுடைய அம்மா வந்தார். கேரட் காட்டில் கூலிக்குப் போகிறவர். வேலைக்குப் போகிற வழியில் அப்படியே வந்திருந்தார், நகக்கண்ணெல்லாம் மண். "நான் காலையில குனிஞ்சா சாயங்காலந்தான் நிமிருறேன். எம்பிள்ளை அந்த மண்ணைத் தொடக்கூடாதுன்னுதான் இங்க அனுப்புறேன். படிக்க அனுப்பினேனா, களை பறிக்கவா?" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுச் சமாளித்திருப்பேன்.

அவருக்கு என்ன சொல்வது? பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மண்வெட்டி பிடித்தால் அது கல்வி, போட்டோ எடுக்கிறார்கள். கூலிக்காரர் பிள்ளை பிடித்தால் கூலிதான் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த அம்மாவுக்கு அப்படித் தெரிவதில் என்ன தப்பு? அதற்காகப் பாத்தியை மூடவும் எனக்கு மனசு வரவில்லை. யூரியா பற்றிக் கேட்டவன் அதுவரை வகுப்பில் வாயே திறந்ததில்லை. தலைமையாசிரியர், "எதுக்கு டீச்சர் வம்பு, மூடிவிடுங்கள்" என்கிறார். களையெடுப்பு, தண்ணீர் சுமப்பதெல்லாம் இனி பிள்ளைகளுக்கு வேண்டாம், அறிவியல் பாடவேளையில் மட்டும் தோட்டத்துக்குப் போகலாம் என்று நான் பேசிப் பார்த்திருக்கிறேன். அடுத்த சமையலுக்கு வாருங்கள் என்று அந்த அம்மாவையும் கூப்பிட்டேன். "வந்தா ஒரு நாள் கூலி போயிடுமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உன்னிடம் எழுதக் காரணம் இருக்கிறது. உன் அம்மாவும் இப்படித்தானே உன்னை வயல் பக்கமே விடாமல் ஹாஸ்டலில் கொண்டுவந்து தள்ளினார்? அவர் இருந்திருந்தால் இந்த அம்மா பக்கம்தான் நின்றிருப்பார். நீ யார் பக்கம் என்று எழுது. எனக்காகப் பார்த்துப் பேசாதே.

அரைப்பரீட்சை லீவில் கண்டிப்பாக வா. ஸ்வெட்டர் இல்லாமல் வந்துவிட்டுப் போன தடவை மாதிரி என்னுடையதைத் தூக்கிக்கொண்டு போகாதே.

அன்புடன்,
வசந்தி